சுத்தபோசன வான்கோழி

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டு மூட்டை கட்டிய 1954-ஆம் வருஷத்தில், அவர்கள் இந்தப் பக்கம் விட்டுப்போனவற்றிலேயே பெரிய தொல்லை எது என்று விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்: கார்டு அமிர்தசாமி வீட்டு வான்கோழி.

வான்கோழிகளில் அது குள்ளம். நல்ல நாட்டுச் சேவல் நிமிர்ந்து நின்றால் தோளுக்குத் தோள் சமமாக நிற்கும். குரல்தான் உடம்புக்குப் பொருந்தாமல் இருந்தது. கொல்லையில் நின்று அது தொண்டையைத் திறந்தால், விக்கிரவாண்டி ரோட்டில் மாட்டுவண்டிக்காரர்கள் பின்னால் லாரி வருகிறது என்று ஓரம் கட்டுவார்கள். ஒரு நாள் காலை அது போட்ட சத்தத்தில், கார்டு விசில் ஊதிவிட்டார் என்று நினைத்து ஒரு பாசஞ்சர் வண்டியே கிளம்பிப்போய், பாதி வழியில் கார்டைக் காணாமல் திரும்பி வந்தது என்று சொல்வார்கள். குவார்ட்டர்ஸ் நாய்கள் எல்லாம் அந்த மாதம் முழுக்க ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே குடியிருந்தன.

அதைக் கொண்டுவந்தவர் அமிர்தசாமிதான். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஓடும் ரயிலில் அவர் கார்டு. புதுச்சேரியில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரன் சவுரிராயன் அவருக்குச் சினேகிதன். துரை கப்பல் ஏறியபோது இந்தப் பறவையை மட்டும் கப்பலில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். கப்பலில் ஏறாதது கார்டு சார் வண்டியில் ஏறியது.

அமிர்தசாமியின் மனைவி ஞானமேரிக்கு அந்தப் பறவை மேல் கோபம் கிடையாது. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அது வந்து இறங்கிய அன்று அவள் ஒருமுறை பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது. "நீ வேறயா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அவள் களைப்புக்குக் காரணம் கிறிஸ்மஸ். மாமியார் செத்த வருஷம் குடும்பத்தின் கிறிஸ்மஸ் விருந்து மூத்த மருமகளான அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது எழுந்திருக்கவே இல்லை. திண்டிவனத்திலிருந்து கொழுந்தன் மாசிலாமணி வருவான். அவன் பெண்டாட்டி அமல்ராணி, பிள்ளைகள், அமல்ராணியின் பிறந்த வீட்டுச் சனம், அந்தச் சனத்துக்குத் தெரிந்த சனம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழக்கமான சனம் எல்லாம் வரும். திண்டிவனம் தாலுகாவில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள அரசாங்கம் வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை. டிசம்பர் இருபத்தைந்து மத்தியானம் ஞானமேரி வீட்டு வாசலில் ஓர் ஆளை நிற்க வைத்தால் போதும். அத்தனை பேரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தபின், அடுக்களையில் நின்றபடியே அவள் சட்டியின் அடியைச் சுரண்டுவாள். பண்டிகைச் சோறு அவளுக்கு எப்போதும் ஆறிப்போன சோறுதான்.

அடுத்த கிறிஸ்மஸாவது திண்டிவனத்தில் நடக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். மாதாவிடம் அவள் வேறு எதையும் கேட்டுப் பல நாளாயிற்று. ஆனால் பேச்சு எழும்போதெல்லாம் அமல்ராணி முந்திக்கொள்வாள். வீடு சின்னது என்பாள், கிணறு தூரம் என்பாள், அடுப்பு புகைகிறது என்பாள். முடிவு சொல்ல வேண்டியவர் மாமனார் சூசைமுத்து. அவர் மூத்த மகனோடு விழுப்புரத்திலேயே இருந்தார். இருக்கிற இடத்திலேயே விருந்து வந்து சேரும்போது அவருக்கு என்ன கஷ்டம்? "மேரி இருக்கசொல்ல நமக்கு இன்னா?" என்று முடித்துவிடுவார்.

வான்கோழி வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அமிர்தசாமி மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் மேரி. துரை வூட்ல வைக்கிறாப்புல முழுசா சுட்டு, கால மேல தூக்கிக்கினு பொன்னாட்டம் தட்டுல வச்சிடு. சனம் அப்டியே வாயப் பொளக்கணும். அப்பால நானே அப்பாகிட்ட பேசி, அடுத்த வருஷம் திண்டிவனத்துக்குத் தள்ளிவுட்டுடறேன்."

"துண்டு போட்டு கொழம்பு வச்சா ஆவாதா?"

"கொழம்பா! சவுரிராயன் காதுல வுழுந்தா உசுர வுட்டுடுவான்."

"அவரு உசுர வுட்டா அவரு வூட்ல அழுவாங்க. நான் வுட்டா யாரு சமைப்பா?"

"அதுக்குத்தான சொல்றேன், இந்த ஒரு வருஷம்."

அவள் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அமிர்தசாமி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவள் சொல்லாதது எல்லாமே சரி என்றுதான் பல வருஷமாக எடுத்துக்கொள்ளப்பட்டு வந்தது.

மறுநாள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையம்மாள் எட்டிப்பார்த்தாள். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பச்சைமுத்துவின் சம்சாரம். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் மயிலத்துப் பக்கத்தில் பிறந்தவள். மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா மேரி, கூறுகெட்டவளா கீறியே! நல்லா செஞ்சியானா உன்ன எவ வுடுவா? 'மேரி கை பதத்துக்கு ஊர்ல ஆளில்ல'ன்னு வர்ற வருஷம் ரெண்டு வான்கோழிய கொண்ணாந்து கட்டுவாங்க. கருக்கிப்புடு. ஒரே ஒரு தபா கருக்கிப்புடு. அப்பால பாரு, கிறிஸ்மஸு தானா பஸ் ஏறி திண்டிவனத்துக்குப் போயிடும்."

ஞானமேரி இதை யோசிக்காதவள் அல்ல. பாத்திரம் தேய்க்கும்போது, கோழிக்குத் தண்ணீர் வைக்கும்போது, தூங்கப் போகும்போது யோசித்தாள். ஒரு கை விறகு கூடப் போட்டால் போதும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால் போதும்.

"கைக்கு அத எப்டிக்கா சொல்லிக் குடுக்கறது?" என்றாள். "சோத்தக் கெடுக்க அது ஒத்துக்காதே."

அந்த வருஷம் கிறிஸ்மஸ் சனிக்கிழமை வந்தது. முந்தின நாள் வெள்ளி. வெள்ளி என்றால் கத்தோலிக்கர்களுக்குச் சுத்தபோசனம். கறி தொடக்கூடாது, கறிச்சாறு ஒரு சொட்டும் நாக்கில் படக்கூடாது. போதாததற்குத் திருநாளுக்கு முந்தின நாள் ஒருசந்தி வேறு. அரைவயிறுதான். ஆனால் வான்கோழியை அன்றைக்குத்தான் சுட்டாக வேண்டும். சனிக்கிழமை காலையில் வடை, பிரியாணி, கோழிக்குழம்பு என்று மூன்று அடுப்பும் நிறைந்துவிடும். பெரிய தேக்சாவும் பிரியாணிக்கு வேண்டும். ஆக, வெள்ளியன்று சுட்டு மூடிவைத்து மறுநாள் சூடு காட்டிப் பரிமாறுவது என்று முடிவாயிற்று. நாள் முழுக்கக் கறியை ருசி பார்க்காமலே சமைக்க வேண்டும் என்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வான்கோழியின் குரல் அடங்கியது. குவார்ட்டர்ஸ் நாய்கள் பிளாட்பாரத்தைக் காலிசெய்துவிட்டு வீடு திரும்பின. ஞானமேரி கொதிநீரில் முக்கி இறகு பறித்தாள். அது முடிவதாக இல்லை. பறித்த இறகில் ஒரு மெத்தையும் நாலு தலையணையும் தைத்து, மிச்சத்தில் வானத்துச் சம்மனசு ஒன்றுக்கு இறக்கையும் கட்டியிருக்கலாம். கழுத்து வலிக்க வலிக்க அவள் கடைசிக் குருத்தையும் பிடுங்கி, மஞ்சள் தடவிக் கழுவி வைத்தாள். அமிர்தசாமி என்றுமில்லாத சுறுசுறுப்போடு அதைத் தூக்கிக்கொண்டு போனார். "நீ படு மேரி. நான் வாளில தண்ணி ஊத்திப் போட்டு வைக்கிறேன். காலைல வரைக்கும் கெடாம கெடக்கும்" என்றார். புருஷன் தானாக ஒரு வேலை செய்கிறார் என்பதே அவளுக்கு அதிசயம். கேள்வி கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து அவள் பேசாமல் போய்ப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வெறும் காப்பியோடு வேலை ஆரம்பமாயிற்று. மிளகு, பூண்டு, இஞ்சி, பட்டை எல்லாம் அம்மியில் அரைத்து, புதுச்சேரிக் காடியில் குழைத்து, உப்புச் சேர்த்து, தோலுக்கு வெளியே ஒரு தடவல், உள்ளே ஒரு தடவல். ரொட்டித் துண்டு, உருளைக்கிழங்கு, ஈரல், வெங்காயம், உலர்ந்த திராட்சை எல்லாம் வதக்கி வயிற்றில் திணித்து, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்தாள். குனிந்து தைத்து நிமிர்ந்தபோது இடுப்பு நிமிரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்த வாக்கில் நின்றாள். வான்கோழியும் அப்படியேதான் இருந்தது. இரண்டு பேரில் அது கொடுத்துவைத்தது என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு இனி ஒரு வேலையும் கிடையாது.

வீட்டில் ரொட்டி சுடும் சூளையா இருக்கிறது? கிறிஸ்மஸ் கேக் சுடும் அதே வழிதான். பெரிய தேக்சாவின் அடியில் தென்பெண்ணை மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் துண்டுகள் வைத்து, செங்கல் மேல் தட்டு வைத்து, தட்டில் வான்கோழி. கீழே விறகு, மூடிமேல் கரித்தணல். சூடு மேலும் கீழும் சேர்ந்து இறங்க வேண்டும். ஆனால் மூடி உட்காரவில்லை. செத்தும் அடங்காமல் இரண்டு கால்களும் மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அமிர்தசாமி அமுக்கினார். ஒரு காலை அமுக்கினால் மறுகால் எழுந்தது. கடைசியில் வாழைநாரால் இரண்டையும் கட்டி, மூடிமேல் அம்மிக்குழவியை வைத்ததும்தான் மூடி மூடிக்கொண்டது.

அடிக்கடி மூடியைத் தூக்கி, தணல் சிந்தாமல் கீழே வைத்து, வெண்ணெய் உருக்கி ஊற்றி, மறுபடி மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் முகத்தில் அனல் அடித்தது. மூன்றாம் தடவை மூடியைத் தூக்கும்போது அவள் நின்றபடியே தூங்கிவிட்டாள். கையில் மூடி, மூடிமேல் நெருப்பு. அமிர்தசாமி பெரிதாகத் தும்மியதில்தான் கண் திறந்தது.

"உப்பு எப்டி கீதுன்னு தெரியலையே" என்றாள்.

"நுனி நாக்குல வச்சிப் பாத்துட்டுத் துப்பிடேன்."

"துப்பினத யாரு போயி சாமியார்கிட்ட சொல்றது? பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னிக்கு ஊர்பட்ட கூட்டம். வரிசைல நிக்க என் காலுல தெம்பில்ல."

சுவரோரம் போய் வெள்ளையம்மாளைக் கூப்பிட்டாள். வெள்ளையம்மாளுக்குச் சுத்தபோசனம் கிடையாதே. ஒரு துணுக்குத் தின்று சொன்னால் போதும்.

"ஐய, மார்கழிம்மா!" என்று வெள்ளையம்மாள் பின்னால் நகர்ந்தாள். "மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினு மாசம் பூரா கவுச்சி தொடறதில்ல. ஆனா மூடியத் தொற. மோந்து பாத்தே உப்பு சொல்லிடுவேன். எங்க ஊர்ல கல்யாணப் பந்திக்கே என் மூக்கத்தான் கூப்புடுவாங்க."

மூடியைத் திறந்தாள். வெள்ளையம்மாள் சுவரில் மார்பு வரைக்கும் ஏறி, கண்ணை மூடி, மார்கழிக் காற்றை எல்லாம் ஒரே இழுப்பில் இழுத்தாள். அந்த இழுப்பில் அடுப்புப் புகை திசை மாறி அவள் பக்கம் போயிற்று.

"பத்தல" என்றாள். "இன்னும் ஒரு கை போடு."

தெளிவான யோசனை உள்ள நாளாக இருந்தால் ஞானமேரி சிரித்திருப்பாள். அன்றைக்கு அவளுக்காக யாராவது முடிவெடுத்தால் சரி என்றிருந்தது. ஒரு கை உப்பை வெண்ணெயில் கரைத்து ஊற்றினாள்.

மத்தியானம் திண்டிவனத்து பஸ் வந்து சேர்ந்தது. மாசிலாமணி ஒரு மூட்டை மல்லாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பின்னால் பிள்ளைகள். அவர்களுக்கும் பின்னால், புதுச் சேலை கசங்காமல் அமல்ராணி.

"எக்கா, இன்னா இது, இப்டி எளைச்சிட்ட!" என்று கன்னத்தைத் தொட்டாள். தொட்ட கையோடு, வெண்ணெய் ஊற்றத் திறந்திருந்த தேக்சாவை நோக்கித் திரும்பினாள். "இதான் அந்த வான்கோழியா? வெளுத்தாப்புல கீது. உப்புப் போட்டியா? போன வருஷம் பிரியாணில உப்பே இல்லாம எங்கம்மா ஊறுகாய வச்சிக்கினு தின்னாங்க."

"போட்டேன் ராணி."

"உன் கை உப்பு எனக்குத் தெரியாதா? எலிக்குக் கூட கரிக்காது."

ஞானமேரி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அமல்ராணி தேக்சா பக்கத்தில் கையை உதறிக்கொண்டு நின்றாள். "ஈ மொச்சிக்கினு இருந்துச்சி, ஓட்டினேன்" என்றாள். மார்கழிப் புகையில் ஏது ஈ என்று கேட்க ஞானமேரிக்கு அப்போது தெம்பில்லை. குடத்தை இறக்கினாள்.

சாயங்காலம் ஆக ஆக அவள் கால் வீங்கி வந்தது. மாமனார் சூசைமுத்து தாமாகவே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தேக்சா எதிரில் வந்து உட்கார்ந்தார். "நீ கொஞ்சம் சாஞ்சிக்கம்மா. நான் நெருப்பப் பாத்துக்கறேன்" என்றார். சில வருஷத்துக்கு முன்னால் வந்த விஷக்காய்ச்சல் அவர் நாக்கின் ருசியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று முதல் எதைத் தின்றாலும் அவருக்குச் சப்பென்றிருக்கும். துண்டு முனையில் எப்போதும் கொஞ்சம் உப்பு முடிந்து வைத்திருப்பார். ரசத்தில் போடுவார், காப்பியில் போடுவார். ஒருமுறை அம்மன்கோவில் கூழிலும் போட்டார் என்று வெள்ளையம்மாளுக்குக் கோபம் உண்டு.

ஞானமேரி சுவரில் சாய்ந்தாள். கண்ணை மூடினாள். திறந்தபோது விளக்கு ஏற்றும் நேரம். வான்கோழி தயார்.

அமிர்தசாமி மூடியைத் தூக்கிய அந்த நேரத்தில் குவார்ட்டர்ஸே மஞ்சளாகிவிட்டது. பொன் என்றால் சாதாரணப் பொன் அல்ல, கோவில் கும்பத்துப் பொன். தோல் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கட்டிய கால்கள் இரண்டும் கூப்பிய கைகளைப் போல நின்றன. மணம் ஸ்டேஷன் வரைக்கும் போய், சாயங்கால வண்டியில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்த இரண்டு பேர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மணம் வந்த திசையில் நடக்க ஆரம்பித்தார்கள். சுத்தபோசனம் என்ற ஒரே காரணத்தால்தான் அன்று ஒரு கலவரம் தவிர்க்கப்பட்டது.

"மேரி!" என்றார் அமிர்தசாமி. 

ஞானமேரிக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அடுத்த நிமிஷமே சுவருக்கு மேலிருந்து வெள்ளையம்மாள் அவளைப் பரிதாபமாகப் பார்ப்பது தெரிந்தது. ஐயோ, நன்றாக வந்துவிட்டதே! இனி எந்த மாதா வந்து சொன்னாலும் கிறிஸ்மஸ் விழுப்புரத்தை விட்டு நகராது. தேக்சாவை மூடி, அதன்மேல் இரண்டு செங்கல்லையும் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போனாள். நடுச்சாமப் பூசையில் சாமியார் பிரசங்கம் முழுவதும் அவள் பக்கத்துத் தூணில் சாய்ந்து தூங்கினாள். குழந்தை சேசு பிறந்தது அவளுக்குத் தெரியாமலே பிறந்தது.

திருநாள் மத்தியானம். கூடத்திலும் வெளியிலும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் சிலர் அடுத்த வீட்டு வாசலிலும் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டுக்காரர்களும் வழி கிடைக்காமல் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அமிர்தசாமி பெரிய தாம்பாளத்தில் வான்கோழியை வைத்து, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கூடத்தை ஒருமுறை சுற்றி வந்தார். சின்னதுகள் பின்னாலேயே ஓடின. பட்டுக் குடை ஒன்றுதான் குறை. முதல் துண்டு, ஒரு முழுக் கால், வாசல் பந்தியில் இருந்த அப்பா சூசைமுத்துவின் இலையில் விழுந்தது. பிறகு ஆளுக்கு ஒரு துண்டு.

முதலில் கடித்தவன் மாசிலாமணி. கடித்தவன் அப்படியே சிலையாகிவிட்டான். இரண்டு கண்ணும் நடுவில் வந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வாய் அசையவில்லை, கை மட்டும் தானாகப் போய்ச் சொம்பை எடுத்தது.

"எப்டி கீது தம்பி?" என்று கேட்டாள் ஞானமேரி, குழம்பு வாளியோடு.

"அருமை அண்ணி" என்றான் மாசிலாமணி. சொம்பை ஒரே மூச்சில் காலிசெய்தான். "கொஞ்சம் தண்ணி."

பந்தி முழுக்க அதே கதைதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள். ஒருவர் சொம்பை ஒருவர் பிடுங்கினார்கள். பெரியவர்கள் மரியாதையாக விழுங்கி மரியாதையாகக் கண் கலங்கினார்கள். மாசிலாமணியின் கடைசிப் பெண் மட்டும் எழுந்து நின்று, "யம்மா, இது கோழி இல்ல, மரக்காணம்!" என்று வீறிட்டது. உப்பளம் பார்த்த பிள்ளை.

ஞானமேரி வாளியைக் கீழே வைத்தாள். தாம்பாளத்திலிருந்து ஒரு நார் பிய்த்து வாயில் போட்டாள். மரக்காணமேதான். ஓர் உப்பளம் அல்ல, வரிசையாக எல்லா உப்பளமும். நாக்கு சுருங்கி மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அமல்ராணி இலையை முன்னால் தள்ளினாள்.

"எக்கா, வேணும்னேதான போட்ட?"

சொம்புகள் கீழே இறங்கின.

"கெட்டுப்போனா கிறிஸ்மஸ எங்க தலைல கட்டிடலாம்னுதான? பக்கத்து வூட்டம்மா சொவுத்துமேல நின்னுக்கினு கருக்கிடு கருக்கிடுன்னு சொன்னது குவார்ட்டர்ஸ் பூரா தெரியுமாம். குழாயடில சொன்னாங்க."

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஞானமேரிக்குத் தோன்றியது. சொன்னால் இப்போதே முடிந்துவிடும். கெட்ட பேரோடு முடியும், ஆனால் முடியும். பொய்யைச் சொல்லி, அதைக் காப்பாற்றி, அதை ஞாபகமும் வைத்துக்கொள்ள எவ்வளவு வேலை இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். அவளால் ஆகாது.

"நான் போட்டது ரெண்டு தபா" என்றாள். "அரைக்கசொல்ல ஒண்ணு. வெள்ளையம்மாக்கா மோந்து பாத்துச் சொன்னப்பறம் ஒரு கை. அவ்ளோதான் ராணி."

"ரெண்டு தபாவுக்கு இப்டியா கரிக்கும்? தொண்டை எரியுதே!"

அமிர்தசாமி இருமினார். யாரும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இருமினார்.

"அது வந்து... ராத்திரி வாளில நான் வெறும் தண்ணி ஊத்தல. உப்புத் தண்ணி. துரை வூட்ல அப்டித்தான் ஊற வைப்பாங்களாம், அப்பதான் கறி பூவாட்டம் இருக்குமாம். யாருக்கும் சொல்லாதன்னு சவுரிராயன் சத்தியம் வாங்கிக்கினான்."

"எவ்ளோ உப்பு?" என்றான் மாசிலாமணி.

"கைக்கு வந்த வரைக்கும்."

இப்போது எல்லோர் பார்வையும் எப்படியோ அமல்ராணியின் மேல் போய் நின்றது. ஞானமேரி பார்க்கவில்லை. அவள் தரையைத்தான் பார்த்தாள். அதுதான் அமல்ராணிக்குத் தாங்கவில்லை.

"இன்னா எல்லாரும் என்னப் பாக்கறீங்க? அக்கா எப்பவும் கம்மியா போடும்னு கொஞ்சம் தூவினேன். வயித்துத் தையலப் பிரிச்சி உள்ளாற. கொஞ்சந்தான். ரெண்டு கை."

"ஈ ஓட்டினியே, அப்பவா?" என்றாள் ஞானமேரி.

"அப்பதான்."

மாசிலாமணி சிரித்துவிட்டான். சிரித்ததில் உப்பு மூக்கில் ஏறி, அவனை முதுகில் தட்ட மூன்று பேர் வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தில், வெளியே வாசலில் உட்கார்ந்திருந்த சூசைமுத்து கையில் எலும்போடு எழுந்து வந்தார். கால் துண்டை முழுதாகத் தின்று முடித்திருந்தார். முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"இன்னாடா கூச்சல்? இந்த மாதிரி ஒரு கறிய நான் ஜென்மத்துல தின்னதில்ல. காய்ச்சலுக்கு அப்பறம் இன்னிக்குத்தான் என் நாக்குல ருசி தெரியுது! நேத்து நான் ஒரு முடிச்சு அவுத்துப் போட்டேன், அதான் இப்டி தூக்கிக் குடுத்திச்சி." துண்டு முனையைத் தூக்கிக் காட்டினார். அது காலியாக இருந்தது. "நான் உசுரோட இருக்கற வரைக்கும் கிறிஸ்மஸு இந்த வூட்லதான். வருஷா வருஷம் வான்கோழி. மேரி கையால. இதுக்கு மேல பேச்சு கெடையாது."

அமிர்தசாமி வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். வாக்குக் கொடுத்தவர் தண்ணீர்ச் சொம்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதை ஞானமேரி பார்த்தாள்.

கெட்டுப்போயும் தப்ப முடியவில்லை. நன்றாக வந்தால் மாட்டிக்கொள்வாள் என்று பயந்தாள். ஊரே தண்ணீர் குடிக்கும்படி கெட்டுப்போனது. அப்படியும் இதோ மாட்டிக்கொண்டாள். இனி எதைக் கருக்கி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. உட்கார வேண்டும் போலிருந்தது. இரண்டு இலைகளுக்கு நடுவே, பந்திக்கு நடுவிலேயே, தரையில் உட்கார்ந்துவிட்டாள். பண்டிகைப் பந்தியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதுவே ஒரு பெரிய சத்தம் மாதிரி இருந்தது.

"மாமா" என்றாள். "என்னால முடியல."

"இன்னாம்மா?"

"நல்லா செய்யவும் முடியல, கெட்டுப்போக வைக்கவும் முடியல. எனக்கு ஓஞ்சிபோச்சி மாமா. நீங்க எது சொன்னாலும் சரி. அடுத்த வருஷம் நான் செய்யமாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் யாராவது சமாதானம் பேசியிருப்பார்கள். சோறு இன்னும் வேகவில்லை என்பது போலச் சொன்னாள். 

சூசைமுத்து கையிலிருந்த எலும்பைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். புடவை முந்தானையில் கரி, கையில் தணல் சுட்ட கொப்புளம், கணுக்காலுக்கு மேல் வீக்கம். நேற்று சாயங்காலம் முழுக்க எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் நெருப்பைத்தான் பார்த்தோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எலும்பை மெதுவாகப் பக்கத்தில் கிடந்த ஓர் இலையில் வைத்தார்.

"மாசிலாமணி."

"ப்பா."

"உன் வூட்ல எத்தினி பேரு உக்காரலாம்?"

மாசிலாமணி பெண்டாட்டியைப் பார்த்தான். அமல்ராணி வீடு சின்னது என்று சொல்ல வாயெடுத்தாள். தரையில் உட்கார்ந்திருந்த ஞானமேரியைப் பார்த்தாள். கிணறும் அடுப்பும் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றன.

"உக்காரலாம் மாமா" என்றாள் கடைசியில். "நெருக்கி உக்காந்தா எல்லாரும் உக்காரலாம். அக்கா, ஏந்திரு, உள்ள போயி படு. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஞானமேரி எழுந்து உள்ளறைக்குப் போனாள். பாயை விரிக்கக்கூட இல்லை. வந்தவர்களின் பைகளும் மூட்டைகளும் குவிந்திருந்த இடத்தில், ஒரு மூட்டையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு படுத்தாள். கூடத்தில் அதற்குள் சத்தம் கிளம்பிவிட்டது.

"ஆனா ஒண்ணு மாமா, வான்கோழி கீன்கோழி எல்லாம் என்னால ஆவாது. ஆட்டுக்கறிதான்."

"வான்கோழி இல்லாம கிறிஸ்மஸா? இன்னா பேச்சு பேசற?"

"அப்ப நீங்களே வந்து எறகு புடுங்குங்க."

"புடுங்கறேன்! எனக்கு இன்னா, கை இல்லியா?"

"யம்மாடி, மாமனாரும் மருமவளும் ஆரம்பிச்சிட்டாங்க. தண்ணி யார்னா ஜல்தி கொண்டாங்கப்பா, பேஜாரா போச்சி!"

ஞானமேரிக்கு எல்லாம் கேட்டது. ஆடா வான்கோழியா, எத்தனை படி அரிசி, யார் தண்ணீர் இறைப்பது, மாமியார் வழி சொந்தத்தைக் கூப்பிடுவதா வேண்டாமா. ஜன்னல் வழியாக அடுத்த தெருச் சண்டை எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் திண்டிவனத்துக்கு அப்பால் எங்கோ போய்விட்டது.